24 ஃபிளாட், 8 போர்வெல்: போதுமா?

வணக்கம். லண்டனில் 6 மாடிக் கட்டடம், 24 ஃபிளாட். பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர்களுக்கு (இரவில் கரண்டில் சூடேறி, பகலில் வெப்பம் தருபவை) பதில் நில வெப்பப் பம்ப் போடப் போகிறோம். மண்ணின் வெப்பத்தை எடுக்கும் ஆழ்துளைகள் (போர்கள்) பொது, வீட்டுக்கு ஒரு சின்னப் பம்ப், அவரவர் கரண்ட் மீட்டரில்.

ஒப்பந்தக்காரர் தலா 150 மீட்டரில் 8 போர் என்கிறார். கணக்கு இடிக்கிறது. வீட்டுக்கு 4 கிலோவாட் என்றால் மொத்தம் 96. பம்பின் திறன் 3.5 (ஒரு பங்கு கரண்டுக்கு 3.5 பங்கு வெப்பம்) என்று வைத்தால் மண்ணிலிருந்து வர வேண்டியது சுமார் 69. அதை 1,200 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 57 வாட். லண்டன் களிமண்ணுக்கு இது அதிகம்; 40 என்றால் 12 போர் வேண்டும். "எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்ட மாட்டார்கள்" என்கிறார். உறைபனிக் காலையில் ஓட்டத்தானே செய்வார்கள்? போர் குறைந்தால் மண் வருடா வருடம் குளிர்ந்து, கரண்ட் பில் ஏறும்.

இதுபோன்ற கட்டடத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்ட மாட்டார்கள் என்று மொத்தத்தில் எத்தனை சதவீதம் கழித்தீர்கள்? பிப்ரவரியில் பம்புக்குள் வரும் கிளைகால் (உறையாமல் காக்கும் திரவம்) கலந்த நீர் எத்தனை டிகிரி?

இன்னொன்று: 150 லிட்டர் சுடுநீர்த் தொட்டியைச் சின்ன ஃபிளாட்டில் எங்கே வைத்தீர்கள்? படிக்கட்டு ஓரக் குழாய் வியர்க்காமல் இருக்க எத்தனை மில்லிமீட்டர் ரப்பர் உறை போட்டீர்கள்?