கவுன்சலர் சரிப்படவில்லை என்றால் மாற்றிக் கேளுங்கள்: இங்கிலாந்துக்குப் படிக்க வந்தவர்களுக்கு

செப்டம்பரில் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்களில் நாலைந்து பேர் ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். தூக்கம் வரவில்லை அண்ணா, சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது, லேப்டாப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. யுனிவர்சிட்டியில் கவுன்சலிங் இருக்கிறதாமே, போகலாமா, போனால் வீட்டுக்குத் தெரியுமா, விசாவில் சிக்கல் வருமா. தனித்தனியாக எழுதிய பதில்களை எல்லாம் சேர்த்து இங்கே போடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே இடத்தில் நின்றேன்.

முதலில் ஒன்று. உயிரோடு இருந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் இப்போதே, இன்று ராத்திரியே இருந்தால், கவுன்சலிங் வரிசையில் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவ உதவி எண்ணான 111-க்கு அழைத்து 2-ஐ அழுத்துங்கள். மனநலத்துக்கென்றே இருக்கிறவர்கள் எடுப்பார்கள், எந்த நேரமானாலும். ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். 116 123 சமாரிட்டன்ஸ், மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிற தொண்டு அமைப்பு, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். பேசவே முடியாது, பக்கத்து ரூமில் ஆள் இருக்கிறது என்றால் 85258-க்கு மெசேஜ் அனுப்பலாம், அதுவும் காசு இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. இந்த நம்பர்களை இப்போதே போனில் சேமித்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நவம்பர் பாதியில்தான் இது பெரும்பாலானவர்களைப் பிடிக்கிறது. வந்த புதிதில் வங்கிக் கணக்கு, ரூம், பார்ட் டைம் வேலை என்று ஓடிக்கொண்டே இருப்போம். அப்புறம் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிறார்கள், டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடுகிறது, கேர் ஹோமில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் வெளிச்சத்தையே பார்க்காமல் ஒரு வாரத்தை ஓட்டிவிடுகிறான். அதே நேரத்தில்தான் முதல் அசைன்மென்ட் மார்க்கும் வருகிறது. ஊரில் தொண்ணூறு வாங்கியவனுக்கு இங்கே ஐம்பத்தெட்டு வரும்போது, இங்கே எழுபது வாங்கினாலே டிஸ்டிங்க்ஷன் என்று யாராவது சொல்லும்வரை அது தோல்வியாகவே தெரியும்.

இனி பயங்கள். வீட்டுக்குத் தெரியாது. பதினெட்டு வயது தாண்டிய உங்களைப் பற்றி உங்கள் சம்மதம் இல்லாமல் அப்பா அம்மாவிடம் பேச மாட்டார்கள், டிபார்ட்மென்டிலும் சொல்ல மாட்டார்கள், கவுன்சலிங் குறிப்புகள் உங்கள் படிப்புக் கோப்போடு சேராது. விதிவிலக்கு உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ பெரிய ஆபத்து என்று அவர்களுக்குத் தோன்றினால் வெளியே பேசுவார்கள், அதையும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். விசா விஷயம்: கவுன்சலரைப் பார்த்ததை விசா ஆபீஸுக்குத் தெரிவிக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு இல்லை. அவர்கள் தெரிவிக்க வேண்டியது நீங்கள் வகுப்புக்கு வராமலே போனதை, படிப்பைப் பாதியில் நிறுத்தியதை. அதாவது, பயந்து கவுன்சலிங்குக்குப் போகாமல் ரூமுக்குள்ளேயே கிடப்பதுதான் விசாவுக்கு ஆபத்து. இதை எத்தனை தடவை சொன்னாலும் பாதிப் பேர் நம்புவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே கேலிக்குச் சொல்லி வளர்ந்த நமக்கு அந்த வார்த்தை எங்கோ உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்ததே அதில்தான் இருக்கிறது.

ஆன்லைனில் பதிவு செய்து மூன்று வாரம் கழித்து அழைத்தார்கள். முதலில் ஒரு ஒன்பது கேள்வித் தாள், ஒவ்வொன்றுக்கும் சைபரில் இருந்து மூன்று வரை போட வேண்டும், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று. ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. நான் அதற்கு சைபர் போட்டேன். பொய். போலீஸ் வரும், ஆஸ்பத்திரியில் அடைப்பார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அப்படியெல்லாம் நடக்காது. ஒன்று என்றோ இரண்டு என்றோ போட்டால், அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் நிதானமாகக் கேட்பார்கள், சீக்கிரம் தேதி கொடுக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நான் போட்ட அந்த சைபரால் என்னை அவசரமில்லாதவர்கள் பட்டியலில் வைத்தார்கள், இன்னும் மூன்று வாரம் போயிற்று. தயவுசெய்து அந்தத் தாளில் உண்மையைப் போடுங்கள்.

முதல் கவுன்சலர் நல்ல மனிதர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்திருப்பார். நான் லோன் பற்றிச் சொன்னேன், வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது, தங்கை கல்யாணம் தள்ளிப்போகிறது, தினமும் சாயங்காலம் அம்மா போன் பண்ணி வேலை கிடைச்சுதா என்று கேட்கிறாள். அவர் கேட்டார், அம்மாவிடம் வாரத்துக்கு ஒரு முறைதான் பேசுவேன் என்று சொல்லிப் பார்த்தால் என்ன, அது உங்கள் கடன் இல்லையே, அவர்கள் எடுத்த முடிவுதானே. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருடைய உலகத்தில் அது சரியான கேள்வி. எனக்கு வாய் அடைத்துவிட்டது. அன்றையிலிருந்து நான் அங்கே போய்ச் செய்தது தலையாட்டுவதுதான். நல்லா இருக்கேன், தூக்கம் பரவாயில்லை, நீங்கள் சொன்ன மூச்சுப் பயிற்சி செய்தேன். நான்கு செஷன் இப்படியே போயிற்று. இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நாலில் இருந்து ஆறு செஷன்தான் தருவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏன் வேறு ஆளைக் கேட்கவில்லை? வாத்தியாரை மாற்றிக் கேட்டுப் பழக்கம் நமக்கு உண்டா? மரியாதையாக நடத்துகிற ஒருவரிடம் நீங்கள் எனக்குச் சரிப்படவில்லை என்று சொல்வது நன்றி கெட்டதனம் என்று தோன்றியது. கடைசியில் என் ரூமில் கூட இருந்த மதுரைக்காரத் தம்பிதான் கேட்டான், சட்டை பத்தலைன்னா கடைக்காரன் மனசு நோகுமேன்னு போட்டுக்கிட்டே திரிவீங்களாண்ணா என்று. மறுநாள் மெயில் போட்டேன். ஒரு வரி கூட ஏன் என்று கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இது வாரா வாரம் நடக்கிற விஷயம்.

இரண்டாவது கவுன்சலர் ஐம்பதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா. தமிழ்நாடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அதை நேராகவே சொன்னார். சின்ன அறை, இரண்டு நாற்காலியும் நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருந்தது, பார்க்கப் பிடிக்காவிட்டால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்ளலாம். நான் ஆங்கிலத்தில் தேடித் தேடி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையை லேசாகத் தூக்கி, அதை உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரியாது, பரவாயில்லை என்றார். நான் சொன்னேன், எங்கப்பா முகத்துல எப்படிங்க முழிப்பேன். அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு பத்து நிமிடம் அழுதேன். அவர் டிஷ்யூ பெட்டியைக் கூட நீட்டவில்லை, அது என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது, எடுத்துக்கொள்ளும்வரை சும்மா இருந்தார். அப்புறம்தான் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். முழிப்பது என்றால் விழிப்பது, எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் யார் முகத்தில் விழிக்கிறோம் என்பது பெரிய விஷயம் என்று ஆரம்பித்து, அப்பாவைப் பற்றி முதல் தடவையாக ஒருவரிடம் முழுதாகப் பேசினேன்.

அதனால்தான் தமிழ் பேசுகிற கவுன்சலர்தான் வேண்டுமா என்று கேட்டால் கட்டாயமில்லை என்கிறேன். சிலருக்குத் தமிழில் பேசினால்தான் மனசு திறக்கும், அவர்கள் தேடத்தான் வேண்டும். சிலருக்கு நேர் எதிர், தமிழர் என்றதும் எந்த ஊர், என்ன ஆளுங்க, யாருக்குச் சொந்தம் என்ற பயம் வந்துவிடும், குறிப்பாகக் காதல், சாதி, பாலினம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால். என் கூடப் படித்த ஒரு பெண் ஆசிய முகமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள், அது அவளுக்குச் சரியாக இருந்தது. பதிவுப் படிவத்தில் ஆணா பெண்ணா, வேறு ஏதாவது விருப்பம் உண்டா என்று ஒரு இடம் இருக்கும். இல்லாவிட்டால் படிவத்தின் கடைசியில் இருக்கிற பெட்டிக்குள் எழுதுங்கள். கேட்டது கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கேட்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை.

முதல் செஷனிலேயே நீங்களும் கேள்வி கேளுங்கள். எத்தனை செஷன், எந்த முறையில் பேசுவீர்கள், வீட்டுப் பாடம் மாதிரி ஏதாவது கொடுப்பீர்களா, குடும்பத்தோடு சேர்ந்தே முடிவெடுக்கிறவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்கிறவர் நல்லவர். நம் வீட்டு விஷயத்தை நாம் சொல்லி முடிப்பதற்குள் தனக்குத் தெரிந்த ஒரு பெயரை அதற்கு வைத்துவிடுகிறவரிடம் ஜாக்கிரதை. இன்னொன்று, அவர் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார் என்று போகாதீர்கள். இங்கே கவுன்சலர்கள் பெரும்பாலும் அறிவுரை சொல்வதில்லை, ஜோசியர் மாதிரியோ டாக்டர் மாதிரியோ விடை வராது, முதல் இரண்டு செஷனில் அது எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலும் பொருந்தாமையும் வேறு வேறு. வெளியே வந்து நடக்கும்போது, அவரிடம் எதை மறைத்தேன் என்று யோசியுங்கள். வேண்டுமென்றே மறைத்தது ஒவ்வொரு வாரமும் கூடிக்கொண்டே போனால் ஆள் மாறவேண்டிய நேரம்.

உடம்பு வழியாக வருகிறதையும் சொல்லுங்கள். நாம் துக்கம் என்று சொல்ல மாட்டோம், நெஞ்சை அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தலை கனக்கிறது என்போம். அதையே சொன்னால் போதும்.

பல்கலைக்கழகத்தில் வரிசை நீளம் என்றால் வெளியே வழி இருக்கிறது. வருடத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டித்தான் விசா வாங்கியிருக்கிறோம், இங்கத்திய அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நமக்கும்தான். வந்த வாரத்திலேயே வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி.யில், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிவு செய்துவிடுங்கள், நோய் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ் என்று பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிற சேவை ஒன்று இருக்கிறது, டாக்டர் கடிதம் இல்லாமல் நீங்களே ஆன்லைனில் பதியலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அதற்கும் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே இரண்டிலும் பெயர் கொடுத்து வையுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் அதை எழுதுவது ஜி.பி.தான், கவுன்சலர் இல்லை.

தனியாகக் காசு கொடுத்துப் பார்ப்பதென்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம், அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அதனால் பி.ஏ.சி.பி., யு.கே.சி.பி. மாதிரித் தொழில் அமைப்புகளின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மொழி வைத்தும் தேடலாம். பி.ஏ.ஏ.டி.என். என்ற வலையமைப்பு கறுப்பின, ஆசிய தெரபிஸ்ட்டுகளின் பட்டியல் வைத்திருக்கிறது. கட்டணம் குறைவாக வாங்குகிறவர்கள், பயிற்சியில் இருப்பவர்கள் உண்டு, மாணவர் என்று சொல்லிக் கேளுங்கள்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது செஷன் ஆன்லைனில் தொடரும் என்று நம்பிப் போகாதீர்கள். நாட்டுக்கு வெளியே இருக்கும்போது பார்க்க மாட்டோம் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன, டிக்கெட் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அசைன்மென்ட் தள்ளிப்போக வேண்டும் என்றால் கெடு முடிவதற்கு முன்னாலேயே மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் (என் நிலைமையைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்பது) விண்ணப்பம் போடுங்கள், ஜி.பி. கடிதமோ கவுன்சலிங் பிரிவின் கடிதமோ உதவும். படிப்பை நிறுத்தி வைக்கலாமா என்ற எண்ணம் வந்தால் மட்டும், எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடும் முன் இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆலோசகரைப் பாருங்கள், அது விசாவைத் தொடும் விஷயம்.

ஆளை மாற்றிக் கேட்கும் மெயிலை எப்படி எழுதுவது என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். நான் அனுப்பியது இவ்வளவுதான், ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்: இதுவரை பேசியதற்கு நன்றி. எனக்கு அங்கே மனம் விட்டுப் பேச வரவில்லை. வேறு ஒருவரோடு தொடர விரும்புகிறேன், வயதில் மூத்த ஒருவராக இருந்தால் நல்லது. அதற்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

மன்னிப்புக் கேட்டு ஒரு வரி முதலில் எழுதியிருந்தேன். தம்பி அதை அழித்துவிட்டு அனுப்பச் சொன்னான்.