குடும்ப பேக்கேஜ் ரத்தப் பரிசோதனை: நாலு பேர் ரிப்போர்ட்டிலும் சிவப்பு எழுத்து. எதற்குப் பயப்பட வேண்டும்?

தாமிரபரணிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகும் ஒரு லேபில் ஆஃபர் என்று குடும்பத்தோடு பேக்கேஜ் போட்டோம். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. நாலு பேரில் ஒருவர் பாக்கி இல்லாமல் சிவப்பு எழுத்து. டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். அதுவரை தூக்கம் வராது போலிருக்கிறது. அடைப்புக்குள் இருப்பது லேப் போட்டிருக்கும் நார்மல் அளவு.

நான், வயது 38: ஹீமோகுளோபின் 11.2 (12–15), எம்சிவி என்ற சிவப்பணுவின் சராசரி அளவு 66 (83–101), ஆர்பிசி என்ற சிவப்பணு எண்ணிக்கை 5.6 மில்லியன் (3.8–4.8). கடைசியாக இருப்பது மட்டும் அதிகம், மற்ற இரண்டும் குறைவு.

கணவர், வயது 44: காமாலைக்குப் பார்க்கும் மஞ்சள் பொருளான பிலிருபின் மொத்தம் 1.9 (0.3–1.2), அதில் டைரக்ட் 0.4. வெறும் வயிற்றுச் சர்க்கரை 106 (70–100). மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 5.9. கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் நார்மல்.

பையன், வயது 13: ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம் 318 (40–129). இரண்டரை மடங்கு!

மாமியார், வயது 71: பொட்டாசியம் 5.7 (3.5–5.1). பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறார்.

இன்னொரு குழப்பம். மூன்று வருடம் முன்பு வேறு லேபில் எடுத்தபோது கணவருக்குச் சர்க்கரை 104. அப்போது சிவப்பு இல்லை, ஏனென்றால் அந்த லேபில் நார்மல் 70–110. லேபுக்கு லேப் நார்மல் மாறுமா? மாறும் என்றால் எதைத்தான் நம்புவது?

சித்தன்போக்கு

சகோதரி, பிலிருபின் 1.9 என்றால் காமாலை ஆரம்பம். கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து ஒரு வாரம் காலையில் கொடுங்கள், உப்பில்லாத சாப்பாடு. எங்கள் சித்தப்பாவுக்கு 2.1 இருந்தது, பத்தே நாளில் 1.0 ஆகிவிட்டது.

ஈரோடு நர்ஸக்கா

மற்றதெல்லாம் திங்கட்கிழமை வரை காத்திருக்கும். மாமியாருடைய பொட்டாசியம் காத்திருக்கக் கூடாது, ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். இன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மறுபடி எடுத்துவிடுங்கள், முடிந்தால் ஒரு ஈசிஜியும். டெல்மிசார்ட்டான் வகை மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும். கிட்னி கொஞ்சம் சோர்ந்திருந்தால் இன்னும் ஏறும். கிட்னியின் நிலையைக் காட்டும் அவருடைய கிரியேட்டினின் எவ்வளவு என்றும் பாருங்கள். டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அதே சமயம் இது பொய்யான உயர்வாகவும் இருக்கலாம். நரம்பு கிடைக்காத வயதானவர்களுக்கு இறுக்கிக் கட்டி, “கையை மூடித் திறங்க, மூடித் திறங்க” என்று சொல்லி எடுப்பார்கள். அதிலேயே பொட்டாசியம் ஏறும். எடுத்த டியூபை மிஷினில் சுழற்றி அணுக்களைப் பிரிக்காமல் பையில் போட்டு மணிக்கணக்கில் வண்டியில் சுற்றினாலும் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். மறுபடி எடுக்கும்போது கையை மூடித் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரி லேபிலேயே எடுத்தால் நல்லது.

தாமிரபரணிக்காரி

நன்றி அக்கா, இப்போதே கிளம்புகிறோம். கிரியேட்டினின் 0.9. ஆமாம், மாமியாருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். கையை மூடித் திறக்கச் சொன்னதும் நடந்தது.

மைக்ரோஸ்கோப் மணி

கோவையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். நர்ஸக்கா சொன்னதுதான் முதல் வேலை, அதை முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நார்மல் அளவு என்று ரிப்போர்ட்டில் போடுவது எப்படி வருகிறது என்றால், நோய் இல்லை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்களின் ரத்தத்தை எடுத்து அளப்பார்கள். குறைந்தது 120 பேராவது வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அந்த எண்களை வரிசைப்படுத்தி மேலே 2.5 சதவீதத்தையும் கீழே 2.5 சதவீதத்தையும் வெட்டிவிட்டு நடுவில் நிற்கும் 95 சதவீதத்தை வரம்பாக வைப்பார்கள். அதாவது வெட்டுப்பட்ட அந்த ஐந்து சதவீதம் பேரும் நல்ல ஆரோக்கியமானவர்கள்தான்! ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாத ஆளுக்குக்கூட ஒன்றாவது சிவப்பில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. பேக்கேஜில் அறுபது, எழுபது என்று எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சிவப்பே இல்லாத ரிப்போர்ட்டைப் பார்ப்பதுதான் அபூர்வம். அதனால்தான் 1969-இலேயே கிராஸ்பெக், சாரிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நார்மல் என்ற பெயரே வேண்டாம், ‘ரெஃபரன்ஸ்’ (ஒப்பீட்டு அளவு) என்று சொல்லுவோம் என்றார்கள். நம் ஊர்ப் பேச்சில் இன்னும் நார்மல்தான்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி: அந்த வரம்பு யாரை வைத்துப் போட்டது? உங்கள் பையன் விஷயத்தில் இதுதான் கோளாறு. 40–129 என்பது வளர்ந்த ஆம்பளைக்கு. ஆல்கலைன் பாஸ்படேஸ் கல்லீரலிலிருந்து மட்டும் வருவதில்லை, எலும்பிலிருந்தும் வரும். 13 வயதில் விறுவிறுவென்று உயரம் போடும் பையனுக்கு முந்நூறு சாதாரணம், நானூறைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. கனடாவில் டொராண்டோவின் சிக்கிட்ஸ் ஆஸ்பத்திரி காலிபர் என்ற திட்டத்தில் குழந்தைகளுக்கு வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக இந்த வரம்புகளைத் தயார் செய்து வைத்திருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டின் தலைப்பில் பையன் வயது என்னவென்று பாருங்கள். வயதைச் சரியாகப் போட்டால் பெரும்பாலான சாஃப்ட்வேர் வரம்பைத் தானாக மாற்றிவிடும்.

கணவர் ரிப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி. ரத்தம் கொடுப்பதற்கு முன் எவ்வளவு நேரம் பட்டினி? அவருடைய ஹீமோகுளோபின், எம்சிவி எவ்வளவு?

தேக்கா வாசி

இடையில் ஒரு விஷயம். சிங்கப்பூரில் என் சர்க்கரை ரிப்போர்ட்டில் 5.8 என்று இருந்தது. ஊரிலிருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு “அஞ்சுதானா?” என்று பதறிவிட்டார். இங்கே மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் ஊரின் மில்லிகிராம் கணக்கில் 104. கிரியேட்டினின் இங்கே 80 என்று வரும், அதை 88.4-ஆல் வகுத்தால் 0.9. வெளிநாட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறவர்கள் முதலில் யூனிட்டைப் பாருங்கள்.

தாமிரபரணிக்காரி

முதலில் நல்ல செய்தி. ஆஸ்பத்திரியில் எடுத்தது 4.6, ஈசிஜி சரியாக இருக்கிறது. நர்ஸக்காவுக்கு மாமியார் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

பையன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வயது 31 என்று போட்டிருக்கிறார்கள்! 13-ஐத் திருப்பி அடித்துவிட்டார்கள். அவரவர் பெயரைத்தான் பார்த்தோம், வயதை யாரும் கவனிக்கவில்லை.

கணவர் அன்றைக்கு முந்தின நாள் ஏழு மணிக்கே இட்லி சாப்பிட்டுவிட்டார். ரத்தம் எடுக்கிற தம்பி வரும்போது பதினொரு மணி. ஹீமோகுளோபின் 14.8, எம்சிவி 88.

மைக்ரோஸ்கோப் மணி

அப்படியென்றால் பதினாறு மணி நேரப் பட்டினி. சிலருக்குப் பிலிருபினைக் கல்லீரல் கொஞ்சம் மெதுவாகத்தான் கையாளும். கில்பர்ட் சின்ட்ரோம் என்பார்கள். பிறவியிலேயே வருவது, கல்லீரலைக் கெடுக்காது, மருந்தும் தேவையில்லை. பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை இவற்றில் அளவு ஏறும், அப்புறம் தானாக இறங்கும். உங்கள் கணவருக்கு 1.9-இல் 0.4 போக 1.5 இன்டைரக்ட் (கல்லீரல் இன்னும் பதப்படுத்தாதது), கல்லீரல் என்சைம்கள் நார்மல், ஹீமோகுளோபினும் நார்மல். அந்த வகைக்குப் பொருந்துகிறது. உறுதி செய்ய வேண்டியது டாக்டர். ரத்த அணுக்கள் உடைகின்றனவா என்று பார்க்க ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை கேட்பார். கண் மஞ்சளானால், சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், மலம் வெளுத்தால் காத்திருக்கக் கூடாது.

சித்தன்போக்கு அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அடுத்த முறை வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு எடுத்தால் இந்த எண் இறங்கத்தான் போகிறது. பேர் கீழாநெல்லிக்குப் போகும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் பிலிருபினைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது அந்த 106-க்கு. சர்க்கரைக்குப் போடுவது மேலே சொன்ன 95 சதவீத வரம்பே இல்லை. பல வருடம் ஆட்களைப் பின்தொடர்ந்து, எந்த அளவுக்கு மேல் போனால் பாதிப்பு வருகிறது என்று பார்த்து நிபுணர்கள் கூடி வைத்த கோடு. கொழுப்புக்கும் அப்படித்தான். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காகக் கோட்டை மேலே தள்ள முடியாதல்லவா? வெறும் வயிற்றில் 110 என்றிருந்த கோட்டை அமெரிக்க நீரிழிவு சங்கம் 2003-இல் 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110-லேயே நிற்கிறது. உங்கள் பழைய லேப் ஒரு கணக்கில், புதிய லேப் இன்னொரு கணக்கில். உடம்பு அப்படியே இருக்க, கோடுதான் நகர்ந்திருக்கிறது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இவருக்கு 5.9.

டியூப் வண்டியில் சுற்றியதால் சர்க்கரை கூடியிருக்குமோ என்று நினைக்க வேண்டாம். பிரிக்காமல் கிடந்தால் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், கூடாது.

லேபுக்கு லேப் ஏன் மாறுகிறது என்றால், மிஷின் வேறு, ரசாயனம் வேறு, முறை வேறு. தைராய்டு டிஎஸ்ஹெச், ஆல்கலைன் பாஸ்படேஸ் போன்றவற்றில் இது நன்றாகத் தெரியும். ஒரே லேபில் தொடர்ந்து எடுத்துப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். கிரியேட்டினின் 0.7-ஆக இருந்த ஆம்பளைக்கு 1.2 வந்தால் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் சிவப்பு வராது, ஆனால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

கடைசியாக நீங்கள். எம்சிவி 66 என்றால் சிவப்பணு அளவில் ரொம்பச் சிறியது. இரும்புச்சத்துக் குறைவில் அணு சிறுத்தால் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். உங்களுக்கு 5.6 மில்லியன். 66-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.8. மென்ட்சர் கணக்கு என்று ஒன்று உண்டு. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியராக, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயின் மரபணுவைச் சுமப்பவராக, இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். இது சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்பிஎல்சி இரண்டும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரசவ சமயத்தில் இரும்பு மாத்திரை சாப்பிட்டீர்களா?

தாமிரபரணிக்காரி

சாப்பிட்டேனா! கருப்பாகப் போகும், வயிறு கட்டிக்கொள்ளும். ஊசியும் போட்டார்கள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஈரல் என்று அம்மா ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா “மாத்திரையைத் தூக்கிப் போடுறியா?” என்று திட்டுவார். ஹீமோகுளோபின் 11-ஐ விட்டு நகரவே இல்லை.

ஈரோடு நர்ஸக்கா

இப்படித் திட்டு வாங்கியவர்களை வார்டில் நிறைய பார்த்திருக்கிறேன். ஃபெரிட்டின் எடுக்கும்போது காய்ச்சல், சளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் அழற்சி இருந்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும்.

தாமிரபரணிக்காரி

எல்லோருக்கும் தகவல். டாக்டர் எழுதிக் கொடுத்து எடுத்தேன். ஃபெரிட்டின் 42, ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 5.3 சதவீதம், அது அதிகமாம். பீட்டா தலசீமியா கேரியர் என்று சொல்லிவிட்டார். நோய் இல்லை, மருந்து வேண்டாம், இரும்புச்சத்து குறைவாக இல்லாததால் இரும்பு மாத்திரையும் வேண்டாமாம். கணவருக்கு வயிற்றுச் சுற்றளவைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்துச் சர்க்கரையை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிலிருபினைச் சாப்பிட்ட பிறகு மறுபடி எடுத்ததில் 1.1. பையனுக்கு வயதைத் திருத்தி லேபில் புது பிடிஎஃப் அனுப்பினார்கள். ஆல்கலைன் பாஸ்படேஸ் கறுப்பு எழுத்துக்கு மாறிவிட்டது. ஆனால் முதலில் நான் எழுதாமல் விட்ட அவனுடைய எம்சிவி 70 என்று சிவப்பிலேயே இருக்கிறது.

மைக்ரோஸ்கோப் மணி

குழந்தைகளுக்கு எம்சிவி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் 13 வயதுக்கு 70 குறைவுதான். உங்களிடமிருந்து அவனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கணவருக்கு எம்சிவி 88 இருப்பதால் அவர் கேரியராக இருக்க வாய்ப்பு குறைவு. அப்பா, அம்மா இருவரும் கேரியராக இருந்தால்தான் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரும், அதனால் பையனுக்கு அந்தப் பயம் வேண்டாம். அவனுக்கும் ஒரே ஒரு முறை ஃபெரிட்டினும் எச்பிஎல்சியும் எடுத்துவிடுங்கள். கேரியர் என்று வந்தால் அந்தத் தாளை லேமினேட் செய்து வையுங்கள். ஸ்கூல் கேம்பில் ஹீமோகுளோபின் பார்த்து டானிக் எழுதும்போது காட்டலாம். பின்னால் அவனுக்குப் பெண் பார்க்கிற நாளில், பெண்ணுக்கும் சிபிசி என்ற ரத்த அணுக்கள் பரிசோதனை எடுக்கச் சொல்லவும் அதுதான் உதவும்.