கனடாவில் பிள்ளை ஐஸ் ஹாக்கியைத் தொழிலாக்க ஆசைப்பட்டால்

ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அண்ணா, நாங்கள் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மகனுக்கு 9 வயது. என்ஹெச்எல்லில் ஆடப் போகிறேன் என்கிறான். சேர்த்துவிடலாமா?"

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள் அம்மா. என்ஹெச்எல் என்பது வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்; அதுவரை போகும் வழி நீண்டது. என் மகன் 16 வயது வரை ஆடியவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் பனித்தரையில் சறுக்கப் பழகட்டும். கேன்ஸ்கேட் வகுப்பு அதற்கு நல்லது. அப்புறம், 6 முதல் 10 வயதுக்குள் ஹாக்கிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்ற திட்டம் இருக்கிறது. தலை முதல் கால் வரை கவசமும் அதிலேயே கிடைக்கும். பணம் இடித்தால், பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு உதவும் ஜம்ப்ஸ்டார்ட், கிட்ஸ்போர்ட் அமைப்புகளில் கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள்.

சறுக்குக் காலணியான ஸ்கேட்டை மட்டும் பெரிதாக வாங்காதீர்கள். வளர்கிற பிள்ளைதானே என்று நான் ஒரு அளவு கூட்டி வாங்கிவிட்டேன். காலை 6 மணிக்கு ரப்பர் தரையில் மண்டியிட்டு, விரல் சிவக்க நாடாவை இழுத்துக் கட்டுவேன். கட்டி என்ன பயன்? கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் விழுந்து விழுந்து எழுந்தான். சரியான அளவு மாற்றிய அன்றே நிமிர்ந்து ஓடினான்.

சரி, தொழிலுக்கு வருவோம். ஒன்டாரியோவில் 16 வயதாகும் ஆண்டில் ஓஹெச்எல் என்ற ஜூனியர் லீக்கின் அணிகள் பிள்ளைகளைத் தேர்வு செய்கின்றன. தேர்வானவன் வேறு ஊருக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அங்கேயே பள்ளிக்கும் போவான். அந்தக் குடும்பத்தை பில்லெட் என்பார்கள். நம் வீடுகளில் யாரும் யோசித்துப் பார்க்காத விஷயம் இதுதான். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை இன்னொருவர் வீட்டில் விட மனம் வருமா என்று கணவன் மனைவி இருவரும் இப்போதே பேசிவையுங்கள்.

18 வயதில் என்ஹெச்எல் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். 7 சுற்று, 32 அணிகள், மொத்தம் 224 பேர். அதில் பெயர் வந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் போனவர்கள் நிறையப் பேர். பெயர் வராததால் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. வான்கூவருக்குப் பக்கத்திலுள்ள சர்ரேயைச் சேர்ந்த பஞ்சாபிப் பையன் அர்ஷ்தீப் பெயின்ஸை எந்த அணியும் தேர்வு செய்யவில்லை. 2021-22 பருவத்தில் மேற்கு ஜூனியர் லீக்கில் 112 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தார். வான்கூவர் அணி ஒப்பந்தம் செய்தது. 2024 பிப்ரவரியில் என்ஹெச்எல்லில் இறங்கினார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

படிப்பை மட்டும் எந்த வயதிலும் விடாதீர்கள். முன்பெல்லாம் ஓஹெச்எல்லில் ஆடிவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கிக்குக் கதவு மூடிவிடும். 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை இல்லை. ஜூனியர் அணிகள் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையும் தருகின்றன. அது எந்தச் சூழலில் கைவிட்டுப் போகும் என்பதை ஒப்பந்தத்தில் வரிவரியாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

மகள் இருந்தால் அவளையும் கூட்டிப் போங்கள். பெண்களுக்கான தொழில்முறை லீக் பிடபிள்யூஹெச்எல் 2024 ஜனவரியில் தொடங்கிவிட்டது.

பருவம் செப்டம்பரில்தானே என்று இருந்துவிடாதீர்கள் தங்கச்சி. பல உள்ளூர் ஹாக்கிச் சங்கங்களில் கோடைக்கு முன்பே இடம் நிரம்பிவிடும். இந்த வாரமே விசாரியுங்கள்.