சுண்டெலியின் டார்ட்பிபி மரபணுவும் என் பெரியப்பாவின் நோயும்

ஆயர் ஈத்தாம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் பெரியப்பாவுக்கு ஏஎல்எஸ் என்னும் இயக்க நரம்பணு நோய் இருப்பது சென்ற ஆண்டு உறுதியாயிற்று. முதலில் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் வரவில்லை என்றார். இப்போது சோற்றை நாங்கள்தான் ஊட்டுகிறோம். டிடிபி-43 என்னும் புரதத்தைப் பற்றிய செய்திகள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வருகின்றன. எலி குணமடைந்தது என்றே ஒவ்வொன்றும் முடிகிறது. சுண்டெலியில் அப்புரதத்தை உருவாக்கும் மரபணுவின் பெயர் டார்ட்பிபி என்றும், அதன் இரு பிரதிகளையும் நீக்கினால் கரு தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறது என்றும், ஒன்றை மட்டும் நீக்கினால் எலி ஏறத்தாழ இயல்பாகவே வளர்கிறது என்றும் படித்தேன். பாதியை இழந்தும் நலமாக வாழும் ஓர் உயிரைக் கொண்டு என் பெரியப்பாவின் நோயை எப்படிப் புரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செராஸ் ஆய்வகத்தார்:

சகோதரி, உங்கள் பெரியப்பாவின் நிலையை அறிந்து மிகவும் வருந்துகிறேன். ஆய்வகத்தில் சுண்டெலி மரபணுக்களோடு பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

டிடிபி-43 என்பது ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்ளும் புரதம். அதன் இருப்பிடம் பெரும்பாலும் செல்லின் உட்கரு. மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்என்ஏவில் வேண்டாதவற்றை வெட்டி வேண்டியவற்றை ஒட்டும் வேலை நடக்கும்போது, யூ, ஜி என்னும் எழுத்துகள் மாறி மாறி வரும் இடங்களில் இது அமர்ந்து, சேரக்கூடாத துண்டுகள் சேராமல் காவல் காக்கிறது. ஏஎல்எஸ் நோயாளிகளின் நரம்பணுக்களில் காணப்படும் புரதத் திரள்கள் இப்புரதத்தால் ஆனவை என்பது 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அந்நோயாளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினரிடம் இக்கோளாறு காணப்படுகிறது. புரதம் உட்கருவை விட்டு வெளியேறி வெளியே கட்டியாகத் திரள்வதால், உள்ளே காவலுக்கு ஆளில்லாமல் போகிறது.

இனி எலிக்கு வருவோம். அதன் டார்ட்பிபி மரபணு நான்காம் குரோமோசோமில் உள்ளது. மனிதருடையது முதலாம் குரோமோசோமில். இரண்டும் 414 அமினோ அமிலங்கள் கொண்ட, மிகப் பெரும்பகுதி ஒத்த புரதத்தையே உருவாக்குகின்றன. ஆனால் காவலர் ஒருவரே என்றாலும் காக்கப்படும் வீடுகள் வேறு. இப்புரதத்தை அகற்றும்போது எலியின் செல்களில் ஆர்என்ஏவுக்குள் நுழையும் சேரக்கூடாத துண்டுகளும் (இவற்றை மறை எக்ஸான்கள் என்பர்) மனித செல்களில் நுழைபவையும் ஒன்றல்ல என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. மனித இயக்க நரம்பணுவில் டிடிபி-43 குறைந்ததும், அத்தகைய மறை எக்ஸான் ஒன்று நுழைந்து, காயமுற்ற நரம்பிழை மீண்டும் வளர உதவும் ஸ்டாத்மின்-2 என்னும் புரதம் அற்றுப்போகிறது என்று 2019இல் தெரியவந்தது. எலியின் ஸ்டாத்மின்-2 மரபணுவில் அந்த மறை எக்ஸான் இல்லவே இல்லை. ஆகவேதான் 2023இல் வெளியான ஆய்வில், மனிதரின் அப்பகுதியைச் சுண்டெலியின் அதே மரபணுவில் பொருத்திய பிறகே, ஆர்என்ஏவில் ஒட்டிக்கொள்ளும் சிறு மருந்து இழையைத் தண்டுவட நீரில் செலுத்தி ஸ்டாத்மின்-2ஐ மீட்டுக் காட்டினார்கள். மீட்கப்பட்டது அந்த ஒரு புரதமே. நோய் முழுவதும் நீங்கியதாக அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எலி குணமடைந்தது என்று செய்தி வந்தால், எந்த எலி, அதற்கு என்ன செய்து நோயை உண்டாக்கினார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், ஜார்ஜ்டவுன்:

பாதியை இழந்த எலி ஏன் நலமாக இருக்கிறது என்பதற்கு மட்டும் விடை சொல்கிறேன், அம்மா. நம் வீடுகளின் மேல்தளத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் மிதவை ஒன்று இருக்குமல்லவா? நீர் உயர்ந்தால் குழாயை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். டிடிபி-43 தன் அளவு மிகும்போது தன்னுடைய ஆர்என்ஏவின் வால்பகுதியிலேயே அமர்ந்து தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு பிரதி போனால் அடைப்பு தளர்ந்து, மீதமுள்ள பிரதி கூடுதலாக உழைக்க, புரதத்தின் அளவு ஏறத்தாழ முன்போலவே நிற்கிறது. மிதவை பழுதானால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: எலியின் மரபணுவைத் திருத்தி இப்புரதத்தின் 331ஆம் அமினோ அமிலத்தை மாற்றிய 2018ஆம் ஆண்டு ஆய்வில் இந்தக் கட்டுப்பாடு குலைந்தது, அந்த எலிகளுக்குக் கவனத்திலும் நினைவிலும் குறை தோன்றிற்று. என்னைப் பொறுத்தவரை, உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய எலி அதுவே.

ஆயர் ஈத்தாம் வாசகி:

ஐயா இருவருக்கும் நன்றி. மிதவை உதாரணத்தை என் அண்ணனுக்கு அப்படியே சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். பெரியப்பாவின் மகனான அவருக்கு ஓர் அச்சம் இருக்கிறது: இந்த மரபணுக் கோளாறு தனக்கும் வந்திருக்குமோ என்று இரவில் உறங்காமல் கேட்கிறார்.

செராஸ் ஆய்வகத்தார்:

அவருடைய அச்சம் இயல்பானதே. ஏஎல்எஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. குடும்ப வழியாக வருபவற்றிலும் டார்ட்பிபி மாற்றங்கள் சிறு பங்கே. மரபணு நலமாக இருந்தும் புரதம் இடம் மாறுவதே பெரும்பாலோரிடம் நிகழ்கிறது. பெரியப்பாவின் நரம்பியல் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். தேவையென்றால் முதலில் பரிசோதிக்க வேண்டியது பெரியப்பாவைத்தான், அண்ணனை அன்று. மரபணு ஆலோசகருடன் பேசாமல் அண்ணன் தனியாக எங்கும் இரத்தம் கொடுக்க வேண்டாம்.