புதுப்பிப்பு: மணற்காட்டில நிண்ட டேர்ட் பைக்குக்கு பொறி (ஸ்பார்க்) வந்திட்டுது

முந்தி எழுதினது இதுதான்: யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணல்மேட்டில ஓடிக்கொண்டிருந்த பழைய டூ ஸ்ட்ரோக் டேர்ட் பைக் சட்டெண்டு நிண்டது, பிளக்கில பொறியே இல்லை. கனபேர் சி.டி.ஐ. (பிளக்குக்கு பொறி அனுப்புற மின்பெட்டி) போயிருக்கும், மாத்து எண்டு சொன்னியள். அது நல்லாத்தான் இருக்கு.

எஞ்சினை நிப்பாட்டுற கில் சுவிற்ச் வயரைக் கழட்டிப்போட்டு உதைச்சுப் பாத்தன், மாற்றமில்லை. பிளக் தொப்பி மீற்றரில 5 கிலோ ஓம், அதுவும் சரி. இந்த வண்டிக்கு பற்றரி கிடையாது, சி.டி.ஐ.க்கு மின்சாரம், எஞ்சின் சுத்தேக்க மின்சாரம் உண்டாக்கிற மக்னெற்றுக்குள்ள இருக்கிற கொயிலில இருந்துதான் வரும். அந்தக் கொயிலை அளந்தா மீற்றர் அசையவே இல்லை. அதை மூடியிருக்கிற பிளைவீலைக் கழட்டினாப் பிறகுதான் விளங்கிச்சு: உப்புக்காத்தில கம்பி பச்சை பிடிச்சு, ஈயம் வைச்ச இடத்தில அறுந்திருந்தது. திருப்பி ஈயம் வைச்சும் வாசிப்பு வரேல்ல, உள்ளுக்கையும் அறுந்திருக்கு. தலைமயிர் மாதிரிக் கம்பி.

புதுக் கொயில் அம்பிடேல்ல. தண்ணிப் பம்பு மோட்டர் சுத்துற அண்ணை ஒராள் பழைய சுற்றுகளை எண்ணிக் கழட்டி, அதே தடிப்புக் கம்பியில திருப்பிச் சுத்தி, வார்னிஷும் பூசித் தந்தார். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஊரெல்லோ, இது அவருக்கு ஒரு வேலையே இல்லை.

இப்ப நல்ல நீலப்பொறி. சூட்டிலயும் அளந்து பார் எண்டு சொன்ன தம்பி, அளந்தனான், அறுபடேல்ல. பொறி பாக்கிற ஆக்கள் பிளக்கை எஞ்சினில முட்டவைச்சுப் பிடியுங்கோ. எர்த் இல்லாம உதைச்சா நல்ல சி.டி.ஐ.யும் போகலாம்.