புதுப்பிப்பு: சோலார் தெருவிளக்கு பேட்டரித் திருட்டு

எங்கள் ஊர்க் குளத்தங்கரை சோலார் விளக்குகளில் பேட்டரி திருடு போவதைத் தடுக்க வழி கேட்டிருந்தேன். பெட்டியை வெல்டிங் வைத்து மூடிவிடச் சொன்னவர்கள்தான் அதிகம். அது ஒத்துவராது. அப்போது இருந்த டியூபுலர் பேட்டரிக்கு (ஈயமும் அமிலமும் கொண்ட வகை) அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியாக வேண்டும்; சார்ஜ் ஏறும்போது கிளம்பும் ஹைட்ரஜன் வெளியேறவும் வழி வேண்டும்.

திருடன் குறிவைப்பது உள்ளே இருக்கும் ஈயத்தை. காயலான் கடையில் கிலோ கணக்கில் காசு. அதனால் அந்த ஈயத்துக்கே விடை கொடுத்தாயிற்று. இப்போது இருப்பது லித்தியம் பெரோ பாஸ்பேட் பேட்டரி. எடை குறைவு என்பதால் கம்பத்தின் உச்சியில், பேனலுக்கு அடியிலேயே மாட்டிவிட்டார்கள்.

அப்புறம், பேனலுக்கு ஷியர் நட். இறுக்கி முடிக்கும்போது அறுகோணத் தலை முறிந்து கையோடு வந்துவிடும். மிஞ்சுவது வழவழப்பான கூம்புதான், ஸ்பேனர் பிடிக்காது. (நாளைக்குப் பழுது பார்க்க வருகிறவருக்கும் பிடிக்காது, கிரைண்டர்தான் எடுக்க வேண்டும்.) பேனலின் பின்பக்கம் ஊராட்சியின் பெயரைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறோம்.

கீழே காலிப் பெட்டிகளைக் கழற்றும் வேலை பாக்கி. போன வாரம் அதில் ஒன்றின் பூட்டை யாரோ உடைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.