குப்பையைத் தரம் பிரிச்சு என்ன ஆகப்போகுது?

மொட்டமாடி மணி:
எங்க தெருவுக்கு ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, காஞ்ச குப்பைக்கு நீலத் தொட்டின்னு ரெண்டு குடுத்தாங்க. வீட்டம்மா ஷாம்பு சாஷேவைக்கூட அலசிக் காயவெச்சு நீலத்துல போடறாங்க. காலைல வண்டி வந்ததும் ரெண்டையும் ஒண்ணா கவுத்துட்டுப் போறாங்க. 1950-லேர்ந்து 2015 வரைக்கும் உலகத்துல சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையில மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம்தான்னு 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு. மிச்சம் எரிஞ்சிருக்கு, இல்லன்னா மண்ணுலயும் கடல்லயும் கிடக்கு. பேசாம எல்லாத்தையும் எரிச்சுக் கரண்ட் எடுத்துட்டுப் போங்கய்யா.

பழைய பேப்பர் கடை:
கடை நடத்துறவன் சொல்றேன் சார். சாஷேவை அலசறது வீண்தான். பிளாஸ்டிக், மெட்டல் பூச்சுன்னு அடுக்கடுக்கா ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது, எந்தக் கடையிலயும் எடுக்க மாட்டோம். ஆனா பால் கவர், தண்ணி பாட்டில், பக்கெட்டு, அட்டை, இரும்பு, அலுமினியம் எல்லாம் எடுக்கறோமே? அந்த 9 சதவீதம் உலகக் கணக்கு, அதுவும் பிளாஸ்டிக்குக்கு மட்டும். இரும்பையும் பித்தளையையும் எவனாவது குப்பைல போட்டுப் பாத்திருக்கீங்களா? வண்டி வர்றதுக்கு முன்னாடியே பொறுக்கிட்டுப் போயிடுவாங்க.

சூலூர்க்காரன்:
அலுமினியத்தைப் பத்திச் சொல்லணுங்க. தாதுவுல இருந்து புதுசா எடுக்கறதைவிட, பழசை உருக்கினா கிட்டத்தட்ட 95 சதவீதம் மின்சாரம் மிச்சமாகுதுங்க. இதைப் போய் வீண்னு சொன்னா என்னங்க நியாயம்? காகிதம்கூட அப்படி இல்லீங்க, ஒவ்வொரு தடவையும் நார் குட்டையாகிட்டே வரும், அஞ்சாறு சுத்துக்கு மேல தாங்காது.

மொட்டமாடி மணி:
அலுமினியத்தை யாருங்க குறை சொன்னா? நான் கேக்கறது பிளாஸ்டிக். 2023-ல பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல ஜாக்கெட், பெட் பாட்டில்ல நெய்த துணின்னு அவ்வளவு விளம்பரம். துணியும் நம்ம கரூர்தான். சரி, அந்த ஜாக்கெட் கிழிஞ்சா அடுத்து என்ன ஆகும்? மறுபடி பாட்டிலா ஆகுமா? ஒரு படி இறங்குது, அப்புறம் கிடங்குதான். துவைக்கறப்பல்லாம் நுண் இழை வேற சாக்கடைக்குப் போகுது. இதுக்குப் பேரு சுழற்சியா?

பழைய பேப்பர் கடை:
பாட்டில் துணியாகிறதாவது பெரிய விஷயம் சார். அது எப்படி நடக்குதுன்னு பாத்தா மலைப்பா இருக்கும். கலர் வாரியா பிரிச்சு, துண்டாக்கி, தண்ணித் தொட்டில கொட்டுவாங்க. மூடி மிதக்கும், பாட்டில் துண்டு முழுகும். சுலபமாப் பிரிச்சிடலாம். வில்லங்கம் எங்கன்னா, சில பாட்டில்ல சுருங்கி ஒட்டற பி.வி.சி. லேபிள் இருக்கும். அதுவும் சேர்ந்து முழுகிடும். அது கொஞ்சம் கலந்தாலே உருக்கறப்ப மொத்த சரக்கும் பழுப்பாயிடும். குழம்பு ஊறின பாட்டிலுக்கும் விலை கிடையாது. அதனாலதான் தனியா குடுங்கன்னு கெஞ்சறோம்.

வடசென்னைப் பொண்ணு:
மணி அண்ணே, எரிக்கறதைப் பத்தி ஒண்ணு. நம்ம ஊர்க் குப்பையில பாதி சோறும் காய்கறித் தோலும். அவ்வளவு ஈரத்தை எரிச்சா எவ்வளவு கரண்ட் வந்துடும்? அந்த பி.வி.சி.யை அரைகுறைச் சூட்டுல எரிச்சா டயாக்சின்ங்கற விஷம் வேற. கொடுங்கையூர்ல எரியுலை வேணாம்னு எங்க ஏரியா ஜனங்க சண்டை போடறது பொழுதுபோகாம இல்ல. 2022-ல பெருங்குடி கிடங்கு தீப்பிடிச்சப்போ வந்த புகை உங்க பக்கம் வரலையா?

மொட்டமாடி மணி:
கிடங்கு தானாப் பத்தி எரியறதும் உலையில எரிக்கறதும் ஒண்ணா தங்கச்சி? அந்த சாஷேவெல்லாம் கடைசில அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குத்தானே எரிபொருளாப் போகுது? எரிக்கத்தான் போறோம்னா நீலத் தொட்டி நாடகம் எதுக்கு?

சூலூர்க்காரன்:
சிமெண்ட் ஆலைக்குப் போகணும்னாலும் காஞ்ச குப்பையாத் தனியா வரணுங்களே! எச்சில் இலையோட அனுப்பினா எவன் எடுப்பான்?

சுழற்சி நடக்கணும்னா சரக்குக்கு விலை இருக்கணுங்க. நீலகிரியில பாருங்க. யானைக் காலைக் கண்ணாடி குத்துதுன்னு உயர் நீதிமன்றம் கண்டிச்சது. 2022-ல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வெச்சு, காலி பாட்டிலைக் குடுத்தாத் திருப்பிக் குடுத்தாங்க. பெரும்பாலான பாட்டில் திரும்ப வந்துருச்சுங்க. குடிச்சவன் வீசினாலும் இன்னொருத்தன் பொறுக்கிட்டு வந்து காசாக்கினான்.

மொட்டமாடி மணி:
அந்தத் திட்டத்தை மத்த மாவட்டத்துக்குக் கொண்டு வந்தப்போ கடை ஊழியர்கள் போராடினதையும் சொல்லுங்க. ஸ்டிக்கர் ஒட்ட ஆள் இல்ல, பாட்டில் அடுக்க இடம் இல்லன்னாங்க.

சூலூர்க்காரன்:
அவங்க கேட்டது நியாயம்தானுங்க. ஆள் போடறதும் இடம் குடுக்கறதும் திட்டம் போட்டவங்க வேலை.

பழைய பேப்பர் கடை:
சாஷேவுக்கும் ஒரு ரூபா டெபாசிட் வைக்கச் சொல்லுங்க, நாளைக்கே எடுக்கறேன்.

மொட்டமாடி மணி:
ரெண்டு ரூபா ஷாம்புக்கு ஒரு ரூபா டெபாசிட்டா? எவன் வாங்குவான்?

வடசென்னைப் பொண்ணு:
வாங்காட்டி பாட்டில்ல விப்பாங்க. அதைத்தான் கடைக்கார அண்ணன் எடுக்கறாரே.